இதர காரணங்கள்

காலை ஏழு மணிக்கு நொச்சிக்குப்பம் மீன் மார்க்கெட்டில் ஒரு பையன் மீன் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தான். கையில் கட்டம் போட்ட நோட்டு, சட்டைப் பையில் இரண்டு பேனா, காலில் ஷூ. மீன் மார்க்கெட்டுக்கு ஷூ போட்டுக்கொண்டு வருகிறவன் வேலைக்குப் புதுசு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குப் பெரியம்மா முறையாகும் ஒருத்தியின் கடை முன்னால் வந்து நின்றான்.

“சங்கரா எவ்ளோக்கா?”

“நாலு கூடை.”

“நெத்திலி?”

“ரெண்டு. கிழங்கான் ஒண்ணு போட்டுக்கோ.”

எல்லாம் எழுதினான். கடைசித் தட்டில் விரல் நீளத்துக்கு மினுமினுவென்று பொடிமீன் குவிந்து கிடந்தது. பையன் அதைப் பார்த்தான், கொஞ்சம் முழித்தான், என்னவோ எழுதிவிட்டு நகரப் பார்த்தான்.

“இன்னா தம்பி எய்துன?”

“இதர-ன்னு போட்டேன்க்கா.”

“இதரயா? அது காரப்பொடி. தெர்லன்னா வாயத் தொறந்து கேளு. ஒன் நோட்டுல கட்டம் இல்லேன்னா மீனுக்குப் பேரு இல்லாம பூடுமா?”

பையன் அசடு வழிய அடித்துத் திருத்தினான். ‘காரப்பொடி’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, பெரியம்மாவிடம் காட்டிவிட்டும் போனான். கணக்கு நோட்டில் ஒரு ‘இதர’ அடிபட்டு அந்த இடத்தில் உள்ள பேர் ஏறியதை நான் கண்ணால் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அதுவும் ஒரு மீன்காரியின் அதட்டலால்.

மீனுக்கு இந்த நாட்டில் கணக்கு உண்டு. கேலிக்குச் சொல்லவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-லிருந்து இருக்கிறது. கரையெங்கும் மாதிரிக் கணக்கெடுத்து, எந்த மாநிலத்தில் எந்த மீன் எத்தனை டன் இறங்கியது என்று வருஷா வருஷம் சொல்கிறது. 2024-ல் இந்தியா பிடித்தது 34.7 லட்சம் டன். அதில் தமிழ்நாடு 6.79 லட்சம் டன், குஜராத்துக்கு அடுத்த இடம். அதிகம் மாட்டியது கானாங்கெளுத்தி, 2.63 லட்சம் டன். 2024-ன் கணக்கு 2025-லேயே வந்துவிட்டது.

ஆமைக்கும் கணக்கு உண்டு. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆயிரத்துக்கு மேல் எண்ணினார்கள். பிரேதப் பரிசோதனை நடந்தது. இழுவைமடி வலையில் சிக்கி மூச்சுமுட்டிச் செத்தவை என்று காரணம் எழுதப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. நான் மீனுக்கும் பகையாளி இல்லை, ஆமைக்கும் இல்லை. ஆமை செத்தால் எண்ண வேண்டும், ஏன் செத்தது என்று அறுத்துப் பார்க்க வேண்டும், யார் வலை என்று கேட்க வேண்டும். ரொம்ப சரி.

இப்போது ஒரு கேள்வி. போன வருஷம் தமிழ்நாட்டில், வளர்க்க வேண்டிய கையாலேயே செத்துப்போன பிள்ளைகள் எத்தனை பேர்? அடித்து, சூடு வைத்து, சோறு போடாமல், பூட்டி வைத்து, காய்ச்சலில் கிடந்தபோது டாக்டரிடம் காட்டாமல் விட்டு, அப்பா, அம்மா, சித்தப்பா, வார்டன், இவர்களில் யாரோ ஒருவர் பொறுப்பில் இருக்கும்போது செத்த பிள்ளைகள்?

கோட்டையில் கேளுங்கள், டெல்லியில் கேளுங்கள். அந்தக் கட்டமே நோட்டில் இல்லை.

*

கட்டம் எப்படிக் காணாமல் போகிறது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. எங்கள் ஹவுசிங்போர்டு பிளாக்கில் இரண்டாவது மாடியில் ஒரு பையன் இருந்தான். நாலு வயசு. தாய் இல்லை. சொந்தக்காரர் வீட்டில் விட்டிருந்தார்கள். ராத்திரியானால் அவன் குரல் கேட்கும். குரல் கேட்டால் பிளாக்கில் மற்ற வீடுகளில் டிவி சத்தம் கூடும். எங்கள் வீட்டிலும்தான். ரிமோட் என் கையில் இருந்த நாட்களும் உண்டு.

ஒரு நாள் விடியற்காலை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் ஒரு இளம் டாக்டர். பையனின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். முதுகில் பழைய தழும்பு, அதன்மேல் புதுத் தழும்பு. நிமிர்ந்து பார்த்து, “எப்படி ஆச்சு?” என்றார்.

“படிக்கட்டுல விழுந்துட்டான் சார்.”

சுற்றி நின்ற எங்கள் எல்லோரையும் பார்த்தார். “எப்படி ஆச்சு?” என்று இரண்டாம் தடவை கேட்டார். பத்துப் பேர் நின்றோம். பத்துப் பேரும் தரையைப் பார்த்தோம். டாக்டர் விபத்துப் பதிவேட்டை, அதாவது ஏ.ஆர். புத்தகத்தை, இழுத்து எழுதினார்: படிக்கட்டில் தவறி விழுந்ததாகச் சொல்லப்படுகிறது.

அந்த ஒரு வரி பிறகு பயணம் போனது. ஏ.ஆர். புத்தகத்திலிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது. ஏட்டு அதைப் பார்த்து அப்படியே எழுதினார். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174-ன்படி சந்தேக மரணம். கொஞ்ச நாளில் சந்தேகமும் தீர்ந்தது, கோப்பும் மூடியது. (2024 ஜூலை 1 முதல் அந்த 174 என்பது 194 ஆகிவிட்டது. பிள்ளைகளுக்காக நம் நாடு செய்த சட்டச் சீர்திருத்தத்தில் நம்பர் மாறியதை நான் உறுதியாகச் சொல்ல முடியும்.) ஸ்டேஷனிலிருந்து மாநகராட்சிக்குப் போனது. விபத்து. அங்கிருந்து டெல்லிக்கு. ‘விபத்து மரணங்களும் தற்கொலைகளும்’ என்று வருஷா வருஷம் ஒரு தடித்த புத்தகம் வருகிறது, அதில் தவறி விழுந்தோர் என்ற கூட்டுத்தொகையில் ஒன்று கூடியது. நாலு அலுவலகம், நாலு முத்திரை. ஒரே பொய்யை நாலு தடவை நகலெடுத்து அதற்குப் புள்ளிவிவரம் என்று பேர் வைத்தோம்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். தப்பு. ஒரு ஏ.ஆர். சீட்டு போதும்.

*

டெல்லிக்கு வருவோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 1986-ல் தொடங்கியது. குழந்தைகளுக்கு எதிரான குற்றம் என்று தனி அத்தியாயமே போடுகிறார்கள். 2022-ல் 1,62,449 வழக்கு. 2023-ல் 1,77,335 வழக்கு. 2023-ன் கணக்கு எப்போது வந்தது? 2025 செப்டம்பர் கடைசியில். கானாங்கெளுத்தி அதற்குள் அடுத்த வருஷக் கணக்கையும் முடித்துக்கொண்டு போய்விட்டது.

சரி, வந்த கணக்கில் என்ன இருக்கிறது? ஒரு வழக்கில் பத்துப் பிரிவு போட்டிருந்தாலும், அதில் ஆகக் கொடிய ஒன்றை மட்டும் எண்ணு என்பது அங்கே விதி. பிள்ளையை ஆறு மாதம் பட்டினி போட்டு, சூடு வைத்து, ஏழாம் மாதம் கொன்றால், கணக்கில் கொலை மட்டும் ஏறும். ஆறு மாதம் கழிந்துவிடும். கொலை என்று பதிவானால்தான் அதுவும். படிக்கட்டு, குளியலறை, தண்ணீர்த் தொட்டி, திடீர் வலிப்பு, இவையெல்லாம் இருக்கும்போது கொலை என்று எழுத யாருக்கு என்ன தலையெழுத்து?

இறப்புச் சான்று இன்னும் வேடிக்கை. இறப்புக்கான காரணத்தை ஒரு டாக்டர் எழுதிச் சான்றளித்தது, 2020-ல் நாடு முழுக்கப் பதிவான இறப்புகளில் 22.5 சதவீதத்துக்குத்தான். அந்த அதிர்ஷ்டசாலிகளிலும் பலருக்கு எழுதப்படும் காரணம்: இதயமும் சுவாசமும் நின்றதால். இந்த முறைப்படி பார்த்தால் மகாத்மா காந்தி இறந்ததும் இதயம் நின்றதால்தான். கோட்சேவுக்கு அந்தச் சான்றில் இடமே இல்லை.

கட்டம் இல்லாமலும் இல்லை என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், பத்தாம் பதிப்பு, நம் அரசும் வைத்துக்கொண்டிருப்பது. அதில் ஒய் 06 என்றால் கவனிக்காமல் கைவிட்டதால் வந்த கேடு. ஒய் 07 என்றால் கொடுமைப்படுத்தியதால் வந்த கேடு. அதற்குள்ளும் புள்ளி வைத்துப் பிரித்திருக்கிறார்கள். புள்ளி 1 பெற்றோரால். புள்ளி 2 தெரிந்தவரால். ஒய் 07 புள்ளி 3 என்ன தெரியுமா? அரசு அதிகாரத்தில் இருப்பவர்களால். ஜெனீவாக்காரன் நம்மை நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறான்.

*

தமிழ்நாட்டுக்கு இந்தக் கணக்கில் ஒரு பழைய பெருமை உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

1986-ல் ‘இந்தியா டுடே’ பத்திரிகை உசிலம்பட்டிப் பக்கம் போய் எழுதியபோதுதான், பிறந்த பெண் சிசுவுக்குக் கள்ளிப்பாலும் நெல்மணியும் காத்திருக்கும் கதை நாட்டுக்கே தெரிந்தது. 1992-ல் ஜெயலலிதா அரசு சேலத்தில் தொட்டில் வைத்தது. கொல்லாதே, இங்கே போட்டுவிட்டுப் போ. அதெல்லாம் பலருக்கும் தெரியும். தெரியாதது, அதே காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துப் பதிவேட்டில் நடந்த ஒன்று. சிசு இறந்தால் காரணம் எழுத வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியருக்கு உண்மை தெரியும். கொலை என்று எழுதினால் நாளைக்கு அந்த ஊருக்குள் சைக்கிள் போகாது. பேதி என்று எழுத மனசாட்சி விடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் பிறந்தது: ‘சமூகக் காரணங்களால் மரணம்’.

சிரிக்கத் தோன்றும். சமூகம் வந்து குழந்தையின் வாயில் கள்ளிப்பாலை ஊற்றியதா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அரசாங்கக் காகிதத்தில் இவ்வளவு உண்மையாக ஒரு பொய்யை அதற்கு முன்னும் பின்னும் யாரும் எழுதவில்லை. ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளியல் அறிஞர் வி.பி. ஆத்ரேயாவும் அந்தப் பதிவேடுகளை எடுத்துக் கூட்டினார்கள். 1997-ல் கட்டுரையாக வந்தது. இந்த ஒரு மாநிலத்தில், ஒரு வருஷத்தில், ஆயிரக்கணக்கில். போலீஸ் கணக்கில் சிசுக்கொலை என்ற தலைப்பில் நாடு முழுவதற்கும் ஏறுவது பெரும்பாலான வருஷங்களில் நூறு சொச்சத்தைத் தாண்டுவதில்லை. காக்கி நோட்டில் நூறு சொச்சம், செவிலியர் நோட்டில் ஆயிரங்கள். கொன்றவர்களும் செத்தவர்களும் அதே ஆட்கள்தான்.

கணக்கு வந்ததும் என்ன ஆயிற்று? எந்த மாவட்டம், எந்த ஒன்றியம் என்று தெரிந்தது. 1997 முதல் 1999 வரை தர்மபுரியில் ஊர் ஊராகக் கலைப்பயணம் போனார்கள். தெருக்கூத்தும் பாட்டுமாக அந்தந்த ஊரின் கதையை அந்தந்த ஊருக்கே ஆடிக் காட்டினார்கள். சாவு குறைந்தது. எண்ணியதால் உயிர் பிழைத்த பிள்ளைகள் இன்று இருபத்தைந்து வயதைத் தாண்டி இந்த மாநிலத்தில் எங்கோ வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆகவே ‘எண்ணி என்ன ஆகப்போகிறது’ என்று எந்த மேதாவியும் என்னிடம் வர வேண்டாம்.

அதோடு பாடத்தை மூட்டை கட்டினோம். 2007-ல் மத்திய மகளிர் குழந்தைகள் அமைச்சகம் குழந்தைக் கொடுமை பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. 13 மாநிலம், 12,447 குழந்தைகள். மூன்றில் இரண்டு பிள்ளைகள் அடிவாங்குகிறார்கள் என்றது. அந்த 13-ல் தமிழ்நாடு இல்லை. இங்கே பிள்ளைகளை யாரும் அடிப்பதில்லை போலிருக்கிறது. ‘கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்’ என்று வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைக்கும் வழக்கம் மிசோரமில் பிறந்ததாக இருக்கும்.

*

கட்டம் ஏன் இல்லை என்பதற்கு, வீட்டுக்குள் நடப்பது வெளியே தெரியாது என்று ஒரு சாக்கு சொல்வார்கள். அரசின் வீட்டுக்குள் நடப்பது?

செங்கல்பட்டில் அரசு சிறுவர் கூர்நோக்கு இல்லம் இருக்கிறது. கூர்ந்து நோக்குவதற்கென்றே பெயர் வைத்த இடம். பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுப் பையன் ஒருவனை அங்கே அனுப்பினார்கள். 2022-ன் கடைசி நாளில் அவன் செத்தான். அடித்ததாக இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். பூட்டு அரசுடையது, சாவி அரசுடையது, சம்பளம் அரசு கொடுத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை வைத்து ஒருநபர் குழு போட்டார்கள். அவர் இல்லங்களையெல்லாம் அலசி அறிக்கை கொடுத்தார். அறிக்கை பெற்றுக்கொள்வது நம் ஊரில் பாதி நல்லடக்கம்.

ஒய் 07 புள்ளி 3. அந்தப் பையனுக்காகவே போட்டு வைத்தது போன்ற கட்டம். அதில் இதுவரை எத்தனை பேரை எழுதியிருக்கிறோம் என்று எந்த அமைச்சராவது சட்டமன்றத்தில் எழுந்து சொல்லட்டும், நான் இந்தக் கட்டுரையைத் தின்றுவிடுகிறேன்.

2004 ஜூலை 16, கும்பகோணம், 94 பிள்ளைகள். கீற்றுக்கொட்டகைக்குக் கீழே நெருக்கி உட்காரவைத்துப் பக்கத்தில் அடுப்பு மூட்டிய பள்ளிக்கூடம். அங்கீகாரம் கொடுத்த கை, பரிசோதனை செய்ததாகக் கையெழுத்துப் போட்ட கை, எல்லாம் இருந்தன. நாம் அதற்கு வைத்த பெயர் தீ விபத்து. விபத்து என்ற சொல்லைப் போல ஏழைப் பிள்ளைகளைப் பொத்தி அணைத்துக்கொள்ளும் சொல் தமிழில் வேறு இல்லை.

*

“நிதி இல்லை, அதனால்தான் தரவு இல்லை” என்பார்கள். சரி, நிதி வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும் என்று நானே திட்ட அறிக்கை எழுதித் தருகிறேன். மசோதா, மானியக் கோரிக்கை எல்லாம் வீண் அலைச்சல்.

திட்டத்தின் பெயர்: ‘எண்ணும் கண்ணும்’. பெயர் வைக்க ஒரு குழு, இலச்சினை வரைய ஒரு போட்டி. கலைவாணர் அரங்கத்தில் தொடக்க விழா. சாவைப் பற்றிய திட்டமாக இருந்தாலும் குத்துவிளக்கு ஏற்றியாக வேண்டும். மேடையில் முப்பது நாற்காலி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொன்னாடை. வரவேற்பு நடனம் ஆட அரசுப் பள்ளிப் பிள்ளைகள், வெயிலில் இரண்டு மணிநேரம் காத்திருப்பு. மயங்கி விழுந்தால் வெப்பம் என்று எழுதிக்கொள்ளலாம்.

அடுத்து ஆலோசனை நிறுவனம். பெங்களூரிலிருந்து மடிக்கணினியோடு நாலு பேர் வந்து, அங்கன்வாடி ஊழியரிடம் இரண்டு நாள் பேசி, அவர் சொன்னதையே ஆங்கிலத்தில் வண்ணப்படமாக்கி அரசிடம் கொடுத்து, அங்கன்வாடி ஊழியரின் பத்து வருஷச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போவார்கள். பிறகு செயலி. செயலியில் இறந்த குழந்தையின் ஆதார் எண் கேட்கும், கைபேசிக்கு ஓ.டி.பி. வரும். இறப்பின் காரணம் என்று ஒரு பட்டி திறக்கும்: காய்ச்சல், வயிற்றுப்போக்கு, விபத்து, இதர. செவிலியர் ராத்திரி பதினொரு மணிக்குச் சிக்னல் தேடி மொட்டைமாடியில் நின்று ‘இதர’வை அழுத்துவார். கோட்டையில் பெரிய திரையில் பச்சை விளக்கு எரியும். மார்ச் 31-க்குள் செலவுச் சான்று போய்விடும். ஆயிரம் டி-ஷர்ட்டும் ஐந்நூறு தண்ணீர் பாட்டிலும் வாங்கியது அதில் கணக்காக இருக்கும், ஒன்றுகூட இதரத்தில் இருக்காது.

கேலி போகட்டும், நிஜக் காசுக்கு வருவோம். குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் ‘வாத்சல்யா’ திட்டத்துக்கு 2025-26 பட்ஜெட்டில் 1,500 கோடி. இல்லங்கள், தத்தெடுப்பு, 1098 உதவி எண் எல்லாம் அதிலிருந்துதான். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் பதினெட்டு வயது வரை சுமார் 47 கோடிப் பேர். வகுத்துப் பாருங்கள். தலைக்கு, வருஷத்துக்கு, 32 ரூபாய்க்குப் பக்கம். எங்கள் குப்பத்து லூப் ரோட்டில் இரண்டு டீ குடிக்கலாம். பஜ்ஜி கேட்கக் கூடாது. ஏன் 2011 கணக்கு என்றால், 2021-ல் எடுக்க வேண்டியதை எடுக்காமல் 2027-க்குத் தள்ளிவிட்டார்கள். உயிரோடு இருக்கிற பிள்ளைகளையே எண்ணாத இடத்தில் நின்று நான் செத்தவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

*

வெளிநாட்டைப் பார் என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் லட்சணமும் தெரியும். இந்தச் சாவுகளின் தேசியக் கணக்கு சரியில்லை என்று 2011-ல் அவர்களுடைய தணிக்கை அலுவலகமே போட்டு உடைத்தது. பிறகு சட்டம் போட்டு ஆணையம் அமைத்தார்கள். 2016 மார்ச்சில் ஆணையம் சொன்னது: கொடுமையாலும் கவனிக்காமல் விட்டதாலும் தினமும் நாலு முதல் எட்டுக் குழந்தைகள் சாகிறார்கள். நாலா, எட்டா? செவ்வாயில் வண்டி ஓட்டுகிறவனுக்கு அந்த இடைவெளி இன்னும் அடைபடவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம். தனக்குக் கணக்குத் தெரியவில்லை என்று அவன் அச்சடித்து ஒப்புக்கொண்டான்.

வழி என்னமோ எளிதுதான். 1978-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு மேஜையைச் சுற்றி ஆட்களை உட்காரவைத்தார்கள். பிள்ளை செத்தால் டாக்டர் ஒரு நாற்காலி, போலீஸ் ஒரு நாற்காலி, குழந்தை நல அலுவலர் ஒரு நாற்காலி. அவரவர் நோட்டை அவரவர் திறந்து ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பது. இங்கிலாந்தில் 2008 ஏப்ரலிலிருந்து எந்தக் குழந்தை இறந்தாலும் இப்படி உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கணக்கையெல்லாம் ஒரே இடத்தில் சேர்க்க 2019-ல் தேசியத் தரவுத்தளமும் வைத்தார்கள்.

நம்மிடமும் 2014-லிருந்து குழந்தை இறப்பு ஆய்வு என்று வழிகாட்டுதல் உண்டு. ஐந்து வயதோடு முடிந்துவிடும். எங்கே சிகிச்சை தாமதமானது, எந்த ஊசி கிடைக்கவில்லை என்று பார்க்க வந்தது. நல்லதுதான், தேவையும்கூட. ஆனால் ஆறு வயதுப் பிள்ளை செத்தால் கேட்க மேஜை இல்லை. நாலு வயதுப் பிள்ளையின் முதுகுத் தழும்பைக் கண்ட டாக்டரையும், ராத்திரி டிவி சத்தத்தைக் கூட்டிய பக்கத்து வீட்டுக்காரனையும் ஒரே இடத்தில் உட்காரவைக்கும் மேஜையும் இல்லை. ஒரு மேஜை, ஐந்தாறு நாற்காலி, மாதம் ஒரு நாள், டீ செலவு. பொன்னாடைச் செலவைவிடக் குறைவு.

இந்த இடத்தில் குப்பத்துக்காரனாக ஒரு வார்த்தை. எண்ண வருகிறார்கள் என்றாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். 1985-ல் மெரினாவை அழகுபடுத்தக் கட்டுமரங்களை அள்ளப் போய்த் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. 2023 ஏப்ரலில் லூப் ரோட்டுக் கடைகளைப் பொக்லைன் வைத்துத் தள்ளினார்கள். அதற்கு அடுத்த வருஷம் மார்க்கெட் கட்டி 366 கடை கொடுத்தார்கள். எங்கள் தலையை எண்ணும்போதெல்லாம் அடுத்து வருவது வண்டியா வாழ்வா என்று தெரிந்ததில்லை. நாளைக்குக் குழந்தைக் கொடுமைக் கணக்கு என்று ஒன்று வந்தால், அது முதலில் எந்தப் படி ஏறும் என்றும் எங்களுக்குத் தெரியும். எங்கள் பிளாக்கில் கதவு திறந்தே கிடக்கும். மயிலாப்பூர், அடையாறு அடுக்ககங்களில் கேட்டில் செக்யூரிட்டி, வாசலில் கேமரா. இங்கே அடித்தால் கொடுமை, அங்கே அடித்தால் கண்டிப்பு. இங்கே செத்தால் சந்தேக மரணம், அங்கே செத்தால் குடும்ப டாக்டர் வீட்டுக்கே வந்து சான்று எழுதுவார். வசதியான வீட்டில் வேலைக்கு நின்ற பிள்ளை செத்தால் அது எந்த வீட்டுக் கணக்கு என்பதை நான் இங்கே தொடவில்லை.

ஆகவே எண்ணுவதாக இருந்தால் லிஃப்ட்டிலும் ஏறி எண்ணுங்கள். அரசு இல்லத்தின் பூட்டைத் திறந்தும் எண்ணுங்கள். எங்களைப் பிடித்து உள்ளே போடுவதற்கு மட்டும் எண்ணினால், அடுத்த தடவையும் பத்துப் பேர் தரையைத்தான் பார்ப்பார்கள்.

*

ஷூ போட்ட பையன் அடுத்த கடைக்குப் போய்விட்டான். பெரியம்மா காரப்பொடியைக் கூறு கட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு என்னவோ கேட்க வேண்டும் போலிருந்தது.

“பெரியம்மா, நம்ம பிளாக்ல ரெண்டாவது மாடிப் பையன்... படிக்கட்டுல வியுந்தான்னு...”

“வியுந்தானா?”

கூறு கட்டுவதை நிறுத்தவில்லை. ஒரு கூறு, இரண்டு கூறு. பிறகு அவன் பேரைச் சொன்னாள். முழுப் பேர், அவன் அம்மா வைத்த செல்லப் பேர், இரண்டும். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஏற வேண்டிய நோட்டு இது இல்லை.

“அன்னிக்கி ஆஸ்பத்திரில நீயும்தான இருந்த?” என்றேன்.

“இருந்தேன். அந்த டாக்டரு ரெண்டு தபா கேட்டாரு.” தட்டில் தண்ணீர் தெளித்தாள். “இன்னொரு தபா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”